ஏலம் போகாத பரங்கிக்காய்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் ஐந்தாவது வரை படித்தவன். சாட்சி சொல்ல எழுந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி அவருடைய மகள் கேட்டபோது, வாயால் வராதது கையால் வருமா பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். நைனாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பிடுங்கி முடிந்த நிலத்தில் வேர்க்கடலை பொறுக்குவாராம். கல்யாணமாகி நகரிக்கு வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். மாமா விசைத்தறி ஓட்டினார், அக்கா தறிக்கு நூல் சுற்றித் தந்தார். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் இருவரும் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார்கள். சண்டையோ என்று எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு நூல் விலை ஏறியது, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நம் ஆட்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிய காலம் அது. மாமா குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். போகிற வாரம் குளியலறைத் தடுப்புக்குப் பக்கத்தில் பரங்கி விதை ஊன்றிவிட்டுப் போனார். கொடி கூரையில் ஏறிப் பூ விட்டிருந்தபோது, அங்கே வண்டி மோதி மாமா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. உடல் வந்து சேரும்வரை அந்த வீடு இருந்த நிலையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அடக்கம் முடிந்த சில வாரங்களில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்து முற்றத்தில் வைப்போம். ஆராதனைக்குப் பிறகு ஏலம், அதன்பின் எல்லோருக்கும் சாப்பாடு. ஆனால் சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை காணிக்கை கொண்டுவருவதில்லை. இது வேதத்தில் இல்லை. ஊர்ப் பழக்கம், நம்மோடு ஆலயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வருஷம் அக்கா ஒரு பெரிய பரங்கிக்காயோடு வந்து நின்றார்.

அன்றைய சபை மூப்பர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார்.

“துக்க வூட்டு காணிக்கை இப்ப வாணாம்மா. அடுத்த வருசம் கொண்டாயேன்.”

அக்கா காயைக் கீழே வைக்கவில்லை.

“அழுதுக்கினு கொண்டாந்தா வாங்கமாட்டேன்னு கர்த்தரு எங்கனா சொல்லிக்கிறாரா மூப்பரே?”

அவர் காயை வாங்கி வைத்தார். ஏலம் தொடங்கியது. “இந்தச் சேவல் வெடியக்கால ஜெபத்துக்கு எழுப்பும், இல்லன்னா கொழம்புல கொதிக்கும், ரெண்டும் ஆசீர்வாதந்தான்” என்று மூப்பர் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பரங்கிக்காய் மேலே வந்ததும் சிரிப்பு நின்றது. யாரும் விலை கேட்கவில்லை. அக்காமேல் கோபம் எவருக்கும் இல்லை. அந்த வீட்டுச் சாவு தங்கள் வீட்டுக்கு வந்துவிடுமோ என்கிற பயம்தான். மூப்பர் ‘ஒரு தரம்’ என்று சொல்லிவிட்டு, மேலே சொல்ல முடியாமல் நின்றார்.

அக்கா எழுந்து போய், காயைக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சமையல் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே சாம்பார் வைத்துக்கொண்டிருந்த அத்தை வாய்த் துடுக்கானவர்.

“இத்த போட்டா எவன்டீ துன்னுவான்?”

“பசிக்கிறவன் துன்னுவான் அத்த. கத்தி எங்க வச்சிக்கிற?”

அத்தை கத்தியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காய் முழுவதும் சாம்பாரில் போனது. பந்தி போட்டபோது பாதிப் பேர் தயங்கி நின்றார்கள். மூப்பர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். பிறகு இலையிலிருந்து தலை தூக்காமலே, “பரங்கித் துண்டு இன்னும் ரெண்டு போடும்மா” என்றார். பந்தி நிறைந்தது. அன்றைக்கு அக்கா பரிமாறிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே எல்லோரையும் வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு பண்டிகைக்கும் அக்கா வீட்டுப் பரங்கிக்காய் ஏலத்துக்குப் போகாமல் நேரே சாம்பாருக்குப் போயிற்று. விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்து மறு வருஷம் ஊன்றுவார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டார் அதே வருஷம் முருங்கைக்காய்க் கட்டோடு தயங்கித் தயங்கி வந்தார்கள். அக்காதான் எதிரே போய் வாங்கிக்கொண்டார்.

நூல் சுற்றியும், மாம்பழ சீசனில் பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போயும் பிள்ளைகளை ஆளாக்கினார். இன்று மகன் சூளூர்பேட்டைப் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறான், மகள் திருப்பதியில் நர்ஸ். பாடு முடிந்தது என்று நினைத்தபோது வயிற்றில் புற்றுநோய் வந்தது. விசுவாசம் இருந்தால் வலி போய்விடும் என்று பார்க்க வந்த ஒருவர் சொன்னார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

“விசுவாசமும் இருக்குது, வலியும் இருக்குது. ரெண்டும் ஒரே வூட்லதான் குடியிருக்குதுங்க” என்றார். கடைசி வாரம்வரை வாயசைத்துப் பாடினார். பிறகு கர்த்தருக்குள் உறங்கினார்.

நினைத்த நேரமெல்லாம் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எடுத்த எங்கள் தெருத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த அக்கா மகனின் நண்பர்களுக்கும், கட்டிலருகே இரண்டு மொழியிலும் பாடிய சகோதரிகளுக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த எல்லா மதத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அக்காவின் பரங்கிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு அண்ணிக்குத் தனியாக ஒரு நன்றி.

அந்தக் கொடி காய்த்திருக்கிறது. அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை. இந்த வருஷம் துக்க வீடு நாங்கள். காயை நான்தான் இடுப்பில் வைத்துக் கொண்டுவருவேன். நீங்கள் எல்லோரும் வந்து, பந்தியில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.