கணபதியில் கழற்றிய குச்சி

காலை ஆறு மணிக்குச் சென்னிமலையில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் தங்கை தேன்மொழியும். பெண்களுக்கு இலவசம் என்பதால் நடத்துநர் பணம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் தோளில் தொங்கிய நீளப் பையைப் பற்றிக் கேட்டார்.

"ஏனம்மிணி, தூண்டிலுங்களா?"

"பில்லியர்ட்ஸ் ஆடற குச்சிங்ண்ணா. நடுவுல கழட்டி ரெண்டா வெச்சிருக்கேன்."

"எதா இருந்தாலுஞ் சரி, மேல வெக்காதீங்க. ஆரு மண்டையிலயாச்சும் உழுந்துரும்."

பெருந்துறையில் கோவை பஸ்ஸுக்கு மாறினோம். எண்பது கிலோமீட்டர், ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். அன்று கோவை கணபதியில் நடந்த போட்டியில் ஜெயிக்கிற பெண்ணுக்கு மாநில அணியில் இடம். தேன்மொழிக்கு ஆவணியில் கல்யாணம். பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டார், "மாநில அளவுக்குப் போனா ஆடட்டும், இல்லீன்னா அந்த மேசையோட சகவாசம் போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டில் அதற்குத் தலையாட்டினார்கள். எனக்கு அன்றிலிருந்தே வயிற்றெரிச்சல்தான்.

வழியில் அவள் எனக்கு ஆட்டத்தின் பாஷையைச் சொல்லித் தந்தாள். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். கடைசியில் ஒன்பதைக் குழியில் தள்ளுபவருக்கு அந்த ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 'ரேக்' என்று பெயர். குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்தே குழியில் விழுந்தால் 'ஸ்கிராட்ச்'. இருவருக்கும் இன்னும் ஒரே ஒரு ரேக் பாக்கி என்றால் 'ஹில் ஹில்', அதாவது இருவரும் மலையுச்சியில் நிற்கிறார்களாம். பயத்தில் சுலபமான பந்தைத் தவறவிட்டால் 'டாக்'.

"நாய் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"ஆடிப் பாருங்க்கா, அப்பத் தெரியும்" என்று சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஒன்பது மணிக்குக் காந்திபுரம். அங்கிருந்து கணபதிக்கு நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார், கொடுத்தோம். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. கீழே இரும்பு கடையும் சத்தம், மேலே ஏசி குளிர், ஒரு காபி ஐம்பது ரூபாய். குடிக்க மனம் வரவில்லை, ஆனாலும் குடித்தேன்.

தேன்மொழி மதியத்துக்குள் மூன்று பேரைத் தோற்கடித்தாள். இறுதி ஆட்டம் காவ்யாவோடு. ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பெண். வீட்டிலேயே மேசை இருக்கிறதாம். முதலில் ஏழு ரேக் எடுப்பவர் ஜெயிப்பார். ஆறுக்கு ஆறு வந்து நின்றது. ஹில் ஹில்.

கடைசி ரேக்கில் தேன்மொழிக்கு ஸ்கிராட்ச் ஆனது. வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை காவ்யாவுக்குப் போனது. மிச்சப் பந்துகளை வரிசையாகப் போட்டாள். ஒன்பது மட்டும் பாக்கி, குழிக்கு நேரே. நான்கூடப் போட்டுவிடுவேன்.

தேன்மொழி ஆடிப் பழகிய பெருந்துறை ஆட்டக் கூடத்தில் ஒரு வழக்கம். எதிராளி கடைசிப் பந்துக்கு வந்து, அது சுலபமாகவும் இருந்தால், உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்காகத் தன் குச்சியை இரண்டாகக் கழற்றிவிடுவார். கழற்றாமல் இருந்தால், அடுத்தவர் தவறவிடட்டும் என்று காத்திருப்பதாக அர்த்தமாம். தேன்மொழியும் பழக்கத்தில் குச்சியைத் திருகிக் கழற்றினாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

காவ்யா அடித்தாள். பந்து குழியின் வாயில் இடித்து, ஆடி, விளிம்பிலேயே நின்றுவிட்டது.

தேன்மொழி குதித்தெழுந்து குச்சியைப் பூட்டினாள். ஊதினால் விழும் பந்து. நடுவர் கைகாட்டி நிறுத்தினார்.

"மேட்ச் முடிஞ்சுதுங்க. காவ்யா ஜெயிச்சுட்டாங்க."

"பந்து அங்கயே நிக்குதுங்களே!" என்று கத்தினேன்.

"நிக்கட்டுங்க. கடைசி ரேக்ல, எதிராளி ஆடிட்டிருக்கறப்பக் குச்சியக் கழட்டுனா தோல்விய ஒத்துக்கிட்டதா அர்த்தமுங்க. கன்சீட்னு சொல்லுவாங்க. ரூல்லயே இருக்குதுங்க."

அந்த ஒரு வார்த்தையை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவளுக்கே யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

நான் காவ்யாவைப் பார்த்தேன். வேண்டாம், ஆடட்டும் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் தன் குச்சிக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு ரேக் ஆடப்போகிறவள் மாதிரி. பிறகு வந்து, "ரூல் ரூல்தானுங்களே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"பரவால்லீங்க" என்றாள் என் தங்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை, மரியாதை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த எங்கள் ஊரை, அந்தப் படியில் இறங்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மரியாதையை முழுசாகக் கற்றுக்கொண்டவளுக்கு வீட்டுக்குப் போக பஸ் டிக்கெட். சுலபமான பந்தை டாக் ஆக்கியவளுக்கு மாநில அணி.

திரும்பும் பஸ்ஸில், அவிநாசி தாண்டியதும், பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"என்னாச்சு கண்ணு?"

"தோத்துட்டேனுங்கத்தை."

"போச்சாது, விடு கண்ணு. ஆவணிக்குள்ள எத்தன சோலி கெடக்குது!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் கேட்டாள், நானும் கேட்டேன். போனைப் பைக்குள் போட்டாள்.

"அக்கா" என்றாள். "காவ்யா அந்தப் பந்தப் போட்டிருக்கலாங்க்கா. நிம்மதியாத் தோத்திருப்பேன்."