கேட்பதற்கு முன்னால் வரும் பதில்

சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும், வலது கால் பேண்ட்டில் மாட்டியிருக்கும் துணிக் கிளிப்பைக் கழற்றிச் சட்டைக் காலரில் குத்திக்கொள்வார் பேராசிரியர் அரங்கநாதன். பிறகு மறந்துவிடுவார். பாகூர்க் கடைத்தெருவில் அவர் பாதி நாள் காலரில் கிளிப்போடுதான் திரிகிறார். "கொடியில காஞ்ச சட்டைய அப்டியே மாட்டிகினு வந்துட்டாரு பாரு" என்பார் டீக்கடை அப்துல் கனி.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். போன வருஷம் அங்கே டெலிவிஷன் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. செயற்கை அறிவு என்கிறார். "இருக்கற அறிவுக்கே இங்க வேல இல்ல சாரே" என்றார் கனி.

முதலில் அதற்குத் திருடனைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இவருக்குப் பாடம் எடுத்தவர் ஏட்டு இன்னாசிமுத்து. "கேக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்றான் பாருங்க, அவன்தான் சார்." பேராசிரியர் அதை விதியாக்கி, சைக்கிள் திருட்டு விசாரணைக் குறிப்புகளோடு உள்ளே ஏற்றினார். கம்ப்யூட்டர் காட்டிய முதல் பெயர் ஏட்டின் மச்சானுடையது. அதோடு போலீசின் விஞ்ஞான ஆர்வம் அடங்கிவிட்டது.

பேராசிரியர் அடங்கவில்லை. அதே விதியை வயிற்றுப்போக்குக்கு மாற்றினார். எங்கள் ஊரில் பேதி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் சுகாதார ஆட்கள் வந்து கிணற்றை மூடிவிடுவார்கள். இவரே வீடு வீடாகப் போனார். வாசலில் இவர் நிழல் விழுந்ததுமே, "எங்க வூட்ல எல்லாம் நல்லாத்தான் கீறோம்" என்றாள் ராமாயி. இவர் இன்னும் வாயே திறக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து எழுதினார்.

"நல்லாக் கீறோம்னா இன்னாத்துக்குய்யா எழுதற?"

"அதத்தாம்மா எழுதறேன்."

ஒரே கிணற்றுக்கு ஏழு சீட்டு சேர்ந்தால் கம்ப்யூட்டர் அந்தக் கிணற்றைக் காட்டும். மறுநாளே மூடிவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமை ஆறு சீட்டு சேர்ந்திருந்தது. ஆறு வீடும் தண்ணீர் எடுப்பது கனி கடைப் பின்கட்டுக் கிணற்றில். கிணறு போனால் கடை போகும். பஸ் நிறுத்தத்தில் புதுக்கடைக்காரன் அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறான்.

"ஆறுதானே? ஏழு இல்லியே?" என்று கனி பாலேடு மிதக்க ஒரு டீ கொடுத்தார். பேராசிரியர் இன்னொன்றும் வாங்கிக் குடித்தார், மேலே ஒரு சொம்புத் தண்ணீரும். ஏழாவது வீட்டைத் தேடி அன்று அவர் அவ்வளவு வேகமாக நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நாலாவது தடவையாகக் கொல்லைப்புறம் போய்விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கனி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார், ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல கனி" என்றார் பேராசிரியர்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போல அவரும் நின்றார்.

"நான் இன்னா கேட்டேன்?" என்ற கனிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சாரே, நீங்க வெளியூரு. உங்க சீட்டு செல்லாது."

"நான் வெளியூர்தான். குடிச்ச தண்ணி உள்ளூர்."

பெஞ்சில் உட்கார்ந்து ஏழாவது சீட்டில் தன் பெயரை எழுதினார். எழுத நேரமாயிற்று. பிறகு, யாரும் நினைவுபடுத்தாமலே காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றி, ஏழு சீட்டையும் சேர்த்துக் குத்தினார்.