ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ்

ராயபுரத்தில் காலரா வந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஊசி போட வருகிறவர்களைக் கண்டு, ஹார்பரில் மூட்டை தூக்கும் ஆண்பிள்ளைகள்கூடக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டார்கள். வெளியில் விற்கிற எதையும் தின்னக் கூடாது என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்வாள். நான் தம்பிக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆறு வயசுக்காரன் கெஞ்சினால் என்ன செய்வது?

மறுநாள் அவனுக்கு வாந்திபேதி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பது நாள் கழித்து எலும்பும் தோலுமாக, ஆனால் சிரித்துக்கொண்டே திரும்பினான். வீடே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியது. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. ஐஸைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. தம்பி பக்கத்தில் வந்தால் நடுங்கி விலகினேன். கை வெடித்து ரத்தம் கசியும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மனசுக்கும் நோய் வரும் என்று எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் தெரியாது. வயசுப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்றாள் அம்மா. அப்பா மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார்.

அப்பாவின் தங்கை காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து போகும்போது தினமும் எங்கள் வீட்டில் டீ குடிப்பாள். ஒரு சாயங்காலம் குழாயடியில் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது? பத்து வருசமா எறா உரிக்கிற என் கையே தேவலாம் போலகீது. எதுக்கு இப்டி கயுவிக்கினே கீற?"

எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அத்தை என் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு, "அடி லூசு! உன் ஐஸு இன்னா பண்ணும்? அன்னிக்கி நான்தான் தெருமுக்குல அவனுக்கு ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ் வாங்கிக் குட்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. என்னை உள்ளே இழுத்துப் போய் அம்மாவிடமே அதைச் சொன்னாள். மாதா மேல் சத்தியமும் செய்தாள்.

அன்று எனக்குப் பசித்தது. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அம்மா ஒரு வருடம் அத்தையோடு பேசவில்லை. டீயும் நின்றது. அத்தை எங்கள் வாசலைப் பார்க்காமல் நேராக நடந்து போவாள்.

எனக்கும் தம்பிக்கும் தலை நரைத்த பிறகு, பேச்சுவாக்கில் அவனிடம் அந்த ஜூஸைப் பற்றிக் கேட்டேன். "ஜூஸா? நீ குட்த்த ஐஸுதான் ஞாபகம் கீது. அத்த அன்னிக்கி வரவே இல்லியே" என்றான். அந்தப் பொய்ச் சத்தியத்தை அத்தை எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டாளோ, தெரியாது. அதில்தான் நான் பிழைத்தேன்.

ஆனால் அந்த வருடம் நான் நியாயவாதியாகியிருந்தேன். ஒரு நாள் அத்தையைத் தெருவில் நிறுத்தி, "சின்னப் பையனுக்குப் போயி அதெல்லாம் வாங்கித் தரலாமா அத்த?" என்று அதட்டினேன்.

"தப்புதாண்டி" என்றாள் அத்தை. வெடிப்பு ஆறியிருந்த என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. செய்த தப்புக்கு வருந்தவே தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.