ரேக்குக்குப் பின்னால் இரண்டு டயர்கள்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு டயர் கடைக்கு எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர், அங்கே மூத்த ஃபிட்டராக இருந்த எங்கள் ஊர் முருகேசண்ணன். "படிச்ச பய, கவுன்டர்ல உட்காரட்டும்" என்று முதலாளியிடம் சொன்னதும் அவர்தான்.

ஒருநாள் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். வேலை மாறி நார்வே போகிறார். ஸ்போர்ட்ஸ் காரும் கப்பலில் போகிறது. இறங்கியதும் மனைவி, குழந்தையோடு பனியில் ஓட்ட வேண்டும்.

"பின்சில்லுதானே தம்பி இழுக்குது. பின்னுக்கு மட்டும் ரெண்டு பனி டயர் போட்டால் போதாதோ?"

"நாலும் வேணும் சார். முன்னாடி பிடிப்பு இல்லேன்னா வண்டி திரும்பாது, பிரேக் போட்டாலும் நிக்காது."

நான்கும் புதிதாக வரவழைத்து, ஸ்டிக்கரில் இருந்த ஆங்கில விவரத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் மாட்டினார். மறுநாள் பார்த்தால், அவற்றில் இரண்டு ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் ரேக்குக்குப் பின்னால் கிடந்தன. அண்ணனைக் கேட்டேன். முன்சக்கரங்களில் போயிருந்தவை, பல கோடைகள் குடோனில் வெந்து இறுகிய பழைய பனி டயர்கள்.

"அந்தாளுக்குத் தெரியவா போவுது? நீ இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டுனதுல குனிஞ்சுகூடப் பார்க்கல" என்று சிரித்தார் அண்ணன்.

அண்ணன் எதிரிலேயே யாழ்ப்பாணத்துக்காரருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். நல்லவேளை, கார் இன்னும் கப்பலேறவில்லை. புது டயர்களை மாட்ட வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

"நீர் பாத்துத் தந்ததெண்டுதான் தம்பி, நான் பாக்கேல்ல."

மாலையில் நாங்கள் தங்கும் ரூமில் அண்ணன் எல்லோரிடமும், "விசா எடுத்துக் குடுத்தவனையே காட்டிக் குடுத்துட்டான்" என்றார். என் படிப்பை அண்ணன்தான் மதிக்கிறார் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எதற்காக மதித்தார் என்பதை இன்னும் சொல்லவில்லை.