படையலுக்கு நட்சத்திர ரொட்டி

என் தம்பியின் இரண்டாவது மனைவியை வேவு பார்க்கத்தான் அந்தத் தீபாவளிக்கு நான் புக்கிட் ரம்பாயில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். இதை இப்போது வெட்கமில்லாமல் எழுதிவிடுகிறேன். நான் இருக்கும் புலாவ் செபாங்கில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் எந்தத் தையல்காரியாவது கடையைச் சாத்துவாளா? நான் சாத்தினேன். ரவிக்கை வாங்க வந்தவர்களை விரட்டாத குறையாக அனுப்பிவிட்டு, இரண்டு முறுக்கு டின்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டேன். "உதவிக்கு வரேன்டா" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பினானோ இல்லையோ, "வாக்கா" என்றான்.

தம்பியின் முதல் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்கு ஒரே மகள். அப்போது பதினொரு வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் தம்பி மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். புதிதாக வந்தவளுக்கு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை. சின்னச் சின்ன இரும்புச் சாமான்களில் பிசிர் இருக்கிறதா, கோணல் இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரியமும் இல்லை.

பிரச்சினை இதுதான். அந்த ஐந்து மாதத்தில் பிள்ளை அவள் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சண்டை இல்லை, எதிர்த்துப் பேசுவது இல்லை. தட்டில் போட்டு வைத்தால் "பசிக்கல" என்பாள். பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் எதையோ சாப்பிடுவாள். தம்பி வேலை முடிந்து வரும்போது பொட்டலம் கட்டி வாங்கி வரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிடுவாள். சனி ஞாயிறில் என் வீட்டுக்கு வந்தால் வெளுத்துக் கட்டுவாள். என் சமையலை மட்டும் அவள் சாப்பிடுகிறாள் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தம்பி மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பிள்ள ரொம்ப இளைச்சிட்டாக்கா. நீங்க செஞ்சா சாப்புடுறா. நான் என்னா செய்யணும்னு கொஞ்சம் சொல்லுங்கக்கா."

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் பிள்ளையைத் திட்டியிருப்பார்கள், இல்லை தம்பியைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். இவளோ என்னிடம் கேட்கிறாள். கேட்டவளுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் நட்சத்திர ரொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

கடைகளில் பிரெஞ்ச் டோஸ்ட் என்கிறார்களே, அது எங்கள் வீட்டில் வெறும் முட்டை ரொட்டி. பிள்ளை குட்டியாக இருந்தபோது அவர்கள் செலண்டார் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். தீபாவளிக் காலையில் ஊரே இட்லியும் கோழிக் குழம்புமாக இருக்கும். இந்த மகாராணி இட்லியைத் தொடமாட்டாள். அதனால் அவள் அம்மா, பிஸ்கட் வெட்டுகிற நட்சத்திர அச்சால் ரொட்டியை வெட்டி, முட்டையும் பாலும் சீனியும் ஏலக்காயும் கலந்ததில் தோய்த்து, நெய்யில் வாட்டிக் கொடுப்பாள். மேலே கெட்டிப் பாலைக் கோடு கோடாக ஊற்றி, கலர் சீனி தூவுவாள். தீபாவளி என்றால் பிள்ளைக்கு அதுதான். அம்மா போனபிறகு யாரும் அதைச் செய்யவில்லை. எனக்கும் செய்யத் தைரியம் வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்ப அத அக்காவோட படையல்ல வெப்போம்கா. அவங்க கையால செஞ்சதுதானே, அவங்களுக்கும் ஆசையா இருக்கும்."

அவள் அக்கா என்றது இறந்துபோனவளை. பிள்ளையை எப்படிச் சாப்பிட வைப்பது என்றுதான் நான் யோசித்தேனே தவிர, செத்தவளின் ஆசையை நான் யோசிக்கவில்லை. ஆனால் என் குறுக்குப் புத்தி உடனே வேலை செய்தது. எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குத் தீபாவளி அன்று காலையில் படைப்போம். அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துச் சூடம் காட்டியபிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவது. படைத்த இலையில் இருந்து கொடுப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பெற்ற தாயின் இலையில் இருந்து எடுத்துக் கொடுத்தால் பிள்ளை எப்படி மறுப்பாள்?

தீபாவளிக்கு முந்தின நாள் நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி மனைவி வேலையில் இருந்து இன்னும் வரவில்லை. பிள்ளை அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் நேரே சமையலறைக்குள் நுழைந்தேன். ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்பு பளிச்சென்று இருந்தது, சிங்க் காய்ந்து கிடந்தது. அந்த ஆத்திரத்தில், சுத்தமாக இருந்த டப்பாக்களையே எடுத்து மறுபடி கழுவி, துடைத்து, சாமான்களைத் திரும்ப நிரப்பி அடுக்கினேன். யாரும் கேட்காத உதவி.

சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் எனக்குக் காட்டியது நட்சத்திர அச்சை. பழைய அச்சு வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. பசார் கடைகளில் தேடியிருக்கிறாள், பூவும் இதயமும்தான் கிடைத்தன. கெட்டிப் பால் டின்னை வெட்டி, பட்டையாக எடுத்து, தானே வளைத்துச் செய்திருந்தாள். ஐந்து முனையும் ஒரே அளவு. ஓரத்தை மடித்து, கை வெட்டாதபடி தேய்த்திருந்தாள். சரியாக வராத ஏழு அச்சுகள் ஒரு பையில் கிடந்தன. எட்டு மணி நேரம் நின்று கோணல் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இன்னொருத்தியின் பிள்ளைக்காகத் தகரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். வேவு பார்க்க வந்தவள் அங்கேயே பாதி தோற்றுப்போனேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அவள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இரண்டு நாளைக்கு முன்பே ரொட்டியை வாங்கி, லேசாகக் காயவிட்டிருந்தாள். புது ரொட்டி முட்டையில் நனைந்தால் முனை பிய்ந்துவிடும் என்று அவளே கண்டுபிடித்தாளாம். முட்டையை அடித்துச் சீனி போட்டுக் கலக்கியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு துளி நாக்குல வெச்சுப் பாத்துடவா? சீனி போதுமான்னு தெரியல."

"படையலுக்கு வெக்கிறத நாக்குல வெக்கிறதா? கூடவே கூடாது. இதுகூடவா தெரியாது?" என்றேன்.

அவள் உடனே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நட்சத்திரங்கள் பொன்னிறமாக வந்தன. ஒரு முனைகூட உடையவில்லை. பிள்ளையின் அம்மா படத்துக்கு முன்னால் போட்ட இலையில் இட்லி, கோழிக் குழம்பு, முறுக்கு, நடுவில் நான்கு நட்சத்திரம், பக்கத்தில் புதுச் சேலை. தம்பி சூடம் காட்டினான். பிறகு, இறந்தவள் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று படையல் வைத்த அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்றோம். பிள்ளை சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் இலையில் இருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்து, "அம்மா எலைலேருந்து" என்று சொல்லி நான்தான் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஒரு கடி கடித்தாள். மெல்லுவது நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். மிச்சத்தை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். ஒரே உப்பு. வாயில் வைக்க முடியவில்லை.

தம்பி மனைவியும் பிய்த்து வாயில் வைத்தாள். பிள்ளை இனி எப்போதும் சாப்பிடமாட்டாள், பட்ட பாடெல்லாம் வீண் என்று அவள் அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் அழுதது வேறொன்றுக்காக. படத்துக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அக்காவுக்கு உப்ப வெச்சிட்டேனே. ஆசையா வந்திருப்பாங்களே. வாய்க்கு வெக்க முடியாதத வெச்சிட்டேனே..."

அந்தச் சின்ன வீட்டில் அது எல்லா அறைக்கும் கேட்டிருக்கும். தம்பிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நீல மூடி டப்பாவையும் சிவப்பு மூடி டப்பாவையும் திறந்து, விரலால் தொட்டு ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தாள். என் வீட்டில் நீல மூடி உப்பு, சிவப்பு மூடி சீனி. அவள் வீட்டில் நேர்மாறு; குழம்புக்குப் போடும் கல்லுப்பு தனி. கைப் பழக்கத்தில் நேற்று மாற்றி நிரப்பியது நான்தான்.

அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பின்னாலேயே வந்த தம்பியிடம், "அவசரத்துல நான்தாங்க மாத்திப் போட்டுட்டேன்" என்றாள்.

என் வாய் நீளமானது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அது நல்ல காரியத்துக்கு உதவியது. "இல்ல, நான்தான் மாத்திப் போட்டேன்! அவ மேல ஒரு தப்பும் இல்ல. ருசி பாக்கணும்னு கேட்டா, நான்தான் கூடாதுன்னேன்!" என்று, பூட்டிய அறைக்குள்ளும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். கத்தி முடித்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"பரவால்லக்கா, விடுங்கலா" என்றாள். "இன்னும் அஞ்சு துண்டு ரொட்டி இருக்கு."

அவ்வளவுதான். புலம்பல் இல்லை, குத்தல் இல்லை. மறுபடி முட்டையை உடைத்தாள், ரொட்டியை வெட்டினாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒருவரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல், "இந்தத் தடவ ருசி பாத்துடும்மா. நானே சொல்றேன்" என்றேன்.

"வேணாம்கா. ஒரு தடவ தப்பாக் குடுத்தாச்சு. இனிமே அவங்க சாப்புடாம நான் வாயில வெக்கமாட்டேன்."

முதல் நட்சத்திரத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள். கெட்டிப் பாலை ஊற்றினாள். கலர் சீனியைத் தூவினாள். இலைக்குக் கொண்டுபோகத் தட்டைத் தூக்கியவள், திரும்பியதும் நின்றுவிட்டாள். சமையலறை வாசலில் பிள்ளை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"மொத எனக்கு" என்றாள்.

படையலுக்கு முன்னால் யாரும் சாப்பிடக் கூடாது. தம்பி மனைவி என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையே சொன்னாள்:

"அம்மா எனக்கு ஊட்டாம என்னைக்குமே சாப்புட்டதில்ல, அத்தை. நான் சாப்புடாம அம்மா எப்படிச் சாப்புடுவாங்க?"

"குடும்மா" என்றேன்.

பிள்ளை கையை நீட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தாள். தம்பி மனைவி நட்சத்திரத்தின் ஒரு முனையைப் பிய்த்தாள். சூடாக இருந்தது. ஊதினாள், மறுபடி ஊதினாள், ஊட்டினாள். பிள்ளை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சரியா இருக்கு" என்றாள். "இப்ப அம்மாவுக்கு வைங்க."