இரண்டாவது ஓட்டு

எண்பத்தைந்தில் குவைத் பார்லிமென்ட்டுக்குத் தேர்தல் நடந்தபோது நான் ஒரு வேட்பாளரின் வீட்டில் டிரைவர். அவருடைய தேர்தல் கூடாரத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அரபுக் காபி ஊற்றியவர் ஒரு கீழக்கரைக்காரர். ஒல்லியான ஆள். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கைகளையே பார்ப்பார். கூட்டம் கலைந்ததும் முதலாளியின் காதில் ஏதோ ஓதுவார். என்னைப் பற்றித்தான் கோள் மூட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அப்படி என்னதான் பாய் சொல்றீங்க?"

"இங்க கட்சியும் இல்ல, கொடியும் இல்ல. தொகுதிக்கு ரெண்டு சீட்டு, ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ஒரு ஓட்டு உங்களுக்குத்தான்னு வர்றவன் எல்லாம் சத்தியம் பண்றான். ஆனா மனசு வேற வீட்டுல இருக்கறவன் ரெண்டாவது காபி வாங்க மாட்டான் தம்பி. முதல் காபி குடிச்சதுமே, போதும்னு இந்த ஊர் வழக்கப்படி கிண்ணத்த ஆட்டிடுவான்."

"நல்லவேளை, நமக்கு ஓட்டே இல்ல" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். குடித்து முடித்ததும் என் கை தானாகக் கிண்ணத்தை ஆட்டியது. அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

எதிர் வேட்பாளரின் வீட்டில் அன்று காலைதான் வேலை கேட்டுவிட்டு வந்திருந்தேன். நான் கிண்ணத்தை ஆட்டியதையும் முதலாளியின் காதில் ஓதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.