உருண்டு வரும் காருக்கு ஒரு பிரேக்

அத்தானின் கார் வருவதை நாங்கள் மணத்தால்தான் அறிந்தோம். தொண்ணூறில் போர் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. ஓடிய சில கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் அரிது என்பதால், வீட்டை நெருங்கும்போதே எஞ்சினை நிறுத்திவிட்டு மிஞ்சிய வேகத்தில் உருண்டு வந்து சேர்வது எல்லாச் சாரதிகளுக்கும் பழக்கமாகியிருந்தது. அத்தான் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற வைரவர் கோயில் வளைவிலேயே திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்திவிடுவார். அதன்பின் சத்தம் இராது. மண்ணெண்ணெய்ப் புகையின் நெடி காற்றில் முன்னே வரும். அக்கா எழுந்துபோய் வாசல் படலையைத் திறப்பாள். கார் உள்ளே உருண்டு, பிரேக்கைத் தொடாமலே மாமரத்தடியில் நிற்கும். அப்படி நிற்கும் நாட்களில் அத்தான் இறங்கும்போது முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

அது சிவப்பு நிறச் சிறிய ஜப்பான் கார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அத்தான் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கொழும்பில் விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் பெரிய எஞ்சினைப் பூட்டியிருந்தார். அந்த நாட்களில் அது பறந்தது. எஞ்சின் பெரிதானபோது பிரேக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான்கு சில்லுகளிலும் பழைய சின்ன ட்ரம் பிரேக்குகளே இருந்தன. மண்ணெண்ணெய் காரின் வேகத்தைக் குறைத்தது, பாரத்தைக் குறைக்கவில்லை. தினமும் காலையில் அத்தான் யாழ்ப்பாண நகரிலுள்ள தன் கந்தோருக்கு வேலைக்குப் போகும்போது என்னையும் நான் வேலைசெய்த பத்திரிகை அலுவலகத்தில் இறக்கிவிடுவார். வழியில் கை காட்டுகிறவர்களையும் ஏற்றுவார். ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போன பெண்களில் பலர் அந்தக் காரில்தான் போனார்கள்.

கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அக்காவுக்கு முதற்பிள்ளை வயிற்றில் இருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மூவரும் திரும்பிய ஒரு மழைநாளில், நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டும்போது, கரியரில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளொன்று குறுக்கே வந்தது. அத்தான் பிரேக்கை அழுத்தினார். நனைந்திருந்த ட்ரம்கள் பிடிக்கவில்லை. மீன்காரர் எங்களைப் பார்த்த வேகத்தில் சைக்கிளோடு வெள்ளவாய்க்காலுக்குள் இறங்கினார். கார் அவரைக் கடந்துபோய்த்தான் நின்றது.

அவருக்குக் காயமில்லை. இடுப்பளவு நனைந்தபடி எழுந்து நின்று கத்தினார்.

"தம்பி, உது கார்தானே? மாட்டுவண்டில் எண்டாலும் கயித்தை இழுத்தா நிக்கும்!"

"மழை ஐயா. பிரேக்குக்குள்ளை தண்ணி போட்டுது."

"எனக்குள்ளையும்தான் தண்ணி போட்டுது. நான் நிண்டனான்தானே!"

அக்கா இறங்கிப்போய், குனிய முடியாத வயிற்றோடு குந்தியிருந்து, சிதறிய மீன்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள். வீடு வந்தோம். படலையைச் சாத்தும்போதுதான் சொன்னாள்.

"பிள்ளைப்பெறுவுக்கு நான் இதிலை வரமாட்டன். ஆரின்ரையும் சைக்கிள் கரியரிலை இருந்தெண்டாலும் போவன்."

"சைக்கிளுக்கு மட்டும் பிரேக் இருக்கோ?" என்றார் அத்தான்.

"சைக்கிள்காரனுக்குக் காலிருக்கு. நிலத்திலை ஊண்டுவான்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஊராரின் மனைவிமாரையெல்லாம் ஏற்றிப் போன காரில் தன் மனைவி ஏறமாட்டாள் என்பது அவருக்கு எவ்வளவு பட்டது என்று அன்றிரவு அவர் சாப்பிட்ட விதத்திலிருந்து தெரிந்தது. அடுத்த நாள் கந்தோருக்குப் போகவில்லை. காரை அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் வாகனம் திருத்தும் கராச்சுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

கராச்காரர் அத்தானோடு படித்தவர். புதிய சாமான்கள் வராத காலம் அது. உடைந்த வாகனங்களிலிருந்து கழற்றியவைதான் எல்லாம். அவர் மூன்று வழிகள் சொன்னார். பழைய ட்ரம்களையே வைத்துக்கொண்டு, பஸ் பிரேக்கின் தடித்த லைனிங் பட்டையை வெட்டி ஒட்டலாம். ஆனால் அது சூடேறும்வரை பிடிக்காது, கீச்சிடும். அல்லது இதே கொம்பனியின் வான் வண்டியொன்றிலிருந்து கழற்றிய அகலமான ட்ரம்கள் இருக்கின்றன. பாரம் தாங்கும், ஆனால் மிதி கடினமாக இருக்கும். மூன்றாவதை அவர் சாக்கால் மூடி வைத்திருந்தார். ஒரு பெரிய காரின் டிஸ்க் பிரேக்குகளும், மிதிக்கு வலுக் கொடுக்கும் பூஸ்டரும். சட்டி மாதிரி உருண்டையாக, கறுப்பாக இருந்தது பூஸ்டர். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தில் அது வேலைசெய்யும்.

"மச்சான், இதைப் பூட்டினியெண்டால் பெருவிரலாலை தொட நிக்கும்," என்றார் கராச்காரர்.

"மழையிலை?"

"மழையிலை என்ன, குளத்துக்குள்ளையும் நிக்கும். டிஸ்க்கிலை தண்ணி தங்காது."

அத்தான் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் டிஸ்க்தான் சரி என்றேன். நீர்வேலியில் நடந்ததை அத்தான் கராச்காரரிடம் சொல்லியிருந்தார்; அது எங்கள் மூவரின் மனதிலும் இருந்தது. நாங்கள் மழைக்குத்தான் பிரேக் தேடினோம்.

பூட்டி முடிய ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. பொருந்தாத துளைகளைப் பெருப்பித்தார்கள், குழாய்களை வளைத்தார்கள். முடிந்ததும் நாங்கள் ஆவரங்கால் வரை ஓட்டிப் பார்த்தோம். உண்மையிலேயே அற்புதமான பிரேக். மிதியைத் தொட்டால் போதும், கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அத்தான் வெறும் றோட்டில் நான்கைந்து தடவை காரணமில்லாமல் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தார்.

"அக்காட்டைச் சொல்லாதை. அவ பாக்கட்டும்," என்றார்.

அக்கா படலையைத் திறந்துவிட்டுப் பக்கத்துவீட்டு மாமியோடு ஒழுங்கையில் நின்றாள். வைரவர் கோயில் வளைவில் அத்தானின் கை தன்பாட்டில் திறப்பைத் திருகியது. எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, தினமும் நடப்பதுதானே. கார் சத்தமில்லாமல் உருண்டது. ஆடொன்று குறுக்கே போனது. அத்தான் மிதியைத் தொட்டார், பிடித்தது. சைக்கிளில் வந்த ஒருவருக்காக மறுபடி தொட்டார், பிடித்தது. படலைக்குக் கிட்ட, அக்கா பார்க்கும்படி நிறுத்துவதற்காக மூன்றாந்தரம் காலை வைத்தபோது மிதி கல்லாயிருந்தது.

அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு, முதுகை ஆசனத்தில் முட்டுக்கொடுத்து மிதித்தார். கார் அக்காவை ஒரு முழ இடைவெளியில், நடந்துபோகிற மனிதனின் வேகத்தில், கடந்தது. எங்கள் படலையைத் தாண்டி மாமி வீட்டுக் கிடுகுவேலிக்குள் புகுந்தது. அத்தான் கைப்பிரேக்கை இழுத்தபோது முன்பாதி கார் மாமியின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

யாரும் கத்தவில்லை. கோழிகள்தான் கத்தின.

மாமி வேலியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேலி அடைக்க வேணுமெண்டு போனமாசமே சொன்னனான். நல்லது, இனி அடைப்பினம்."

கராச்காரர் வந்து பார்த்ததும் விளங்கிக்கொண்டார். பூஸ்டருக்கு உயிர் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின் நின்றபின் உள்ளே மிஞ்சியிருக்கும் பலம் இரண்டொரு தடவை மிதிக்கத்தான் போதும். அதன்பிறகு அந்தப் பிரேக்கைப் பிடிக்க யானையின் கால் வேண்டும். இது அவருக்கும் தெரியாததல்ல, அத்தானுக்கும் தெரியாததல்ல.

"ஓடுற காரின்ரை எஞ்சினை ஆரும் நிப்பாட்டுவினமோ எண்டு செய்தவன் நினைச்சிருப்பான்," என்றார் கராச்காரர் தலையைச் சொறிந்தபடி. "நாங்களும் பெற்றோல் காலத்து நினைப்பிலை பூட்டிப்போட்டம், மச்சான்."

அன்று பின்னேரம் அந்த மீன்காரர் எங்கள் ஒழுங்கையால் மீன் விற்று வந்தார். வேலிக்குள் நின்ற காரை அடையாளங் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"இப்ப நிக்குது போலை," என்றார். "வேலி இருந்தால் நிக்குது."

அத்தான் அவரிடம் மீன் வாங்கினார். வேறு என்ன செய்வது.

அவர் எளிதில் விடுகிறவர் அல்ல. காரை வெளியே இழுத்தபின் அக்காவிடம் சொன்னார்: "இஞ்சாரும், பிரேக்கிலை பிழையில்லை. என்ரை பழக்கத்திலைதான் பிழை. இனி எஞ்சினை நிப்பாட்ட மாட்டன். வாசல் மட்டும் ஓடவிட்டே வாறன்."

அக்கா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் நிப்பாட்ட மாட்டியள். அது தானா நிண்டால்?"

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின், அக்சிலேற்றரிலிருந்து காலைச் சற்று எடுத்தாலே பல தடவை இருமி நின்றுவிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதற்குக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட வேண்டும். அதற்காகவே ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்து, சட்டைப் பையில் கொண்டுதிரிந்தார். பிரேக் அடிக்கும்போது கால் எடுபடும். கால் எடுபட்டால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகும். நாங்கள் மூன்று ஆம்பிளைகள் கராச்சில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கதைத்தும் இந்த வரிசையை நினைக்கவில்லை.

"டிஸ்க் இல்லாட்டி மழைக்கு என்ன செய்யிறது?" என்றார் அத்தான்.

"மழை வாறது கண்ணுக்குத் தெரியும். மெல்லமாப் போகலாம். எஞ்சின் நிக்கப்போறது ஆருக்குத் தெரியும்?"

வான் வண்டியின் அகலமான ட்ரம்களைப் பூட்டினார்கள். கறுப்புச் சட்டி சாக்குக்குள் திரும்பிப் போனது. புதிய மிதி கடினமாக இருந்தது. பிடிப்பில் டிஸ்க்கின் அழகு இல்லை. அத்தானின் வலது தொடை சில நாட்கள் நோவெடுத்தது. ஆனால் எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அது ஒரே மாதிரி இருந்தது. கார் வந்த அன்று அக்கா சாரதி ஆசனத்தில் போய் இருந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஞ்சின் நின்றபடியே மிதியை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். எட்டாத காலை எட்டவைக்க முன்னே நகர்ந்து, விடாமல் அழுத்திப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் காரை ஒழுங்கையில் தள்ளச் சொல்லி, எங்களோடு இருந்த அத்தானின் தங்கச்சியை உள்ளே இருத்தி நிறுத்தவைத்தாள். நின்றது. ஏறுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வலி வந்தது ஒரு காலைநேரம். நாங்கள் கந்தோருக்கு வெளிக்கிட்டு நின்றோம். அத்தான் பின்கதவைத் திறந்து தலையணைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி காரைச் சுற்றிச் சாரதிப் பக்கம் போனாள். உள்ளே இருந்து மிதியை அழுத்தினாள். ஒரு வலி வந்து போகும்வரை கண்ணை மூடியிருந்தாள். மறுபடி அழுத்தினாள். பிறகு இறங்கிவந்து பின் ஆசனத்தில் ஏறினாள்.

"எடுங்கோ," என்றாள்.

நீர்வேலியில் அத்தான் வேகத்தைக் குறைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. அவர் அக்காவைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். எஞ்சினை நிறுத்த மறந்துவிட்டார்; அன்று பார்த்து அது இருமாமல் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் மறந்ததை நான் பார்த்தது அன்றுதான். எண்ணெய் போகிறதே என்று நான் திறப்பைத் திருகினேன்.

காவலாளி வந்தார். "தம்பி, வாசலிலை நிக்கேலாது. எடுங்கோ."

"எடுக்கேலாது. பெற்றோல் போத்தில் அத்தான்ரை பொக்கற்றுக்கை."

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த நாட்களில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் பின்னாலிருந்து தள்ளினார்; நான் கதவு வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். மதிலோரத்து வேம்படிக்கு வந்ததும் உள்ளே பாய்ந்து மிதித்தேன். நின்றது.

நெடுநேரத்துக்குப் பிறகு அத்தான் வெளியே ஓடிவந்தார். வாசலில் காரைக் காணாமல் திகைத்து, வேம்படியில் கண்டு, என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பெட்டைப் பிள்ளை," என்றார். "ரெண்டுபேரும் சுகம்."

பிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உன்ரை அக்கா முதல் கேட்டது என்ன தெரியுமோ? எஞ்சினை ஆராவது நிப்பாட்டினதோ எண்டு. எண்ணெய் வீணாப் போகுதாம்."